அடுத்த ஊர் எது?

சேரப்பணஞ்சேரியிலிருந்து நீங்கள் ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாலாஜாபாத் சாலையில் மேற்கே சென்று, ஒரகடம் சந்திப்பில் வலப்புறம் திரும்ப வேண்டும். அங்குள்ள வழிகாட்டிப் பலகை, ஸ்ரீபெரும்புதூர் வரையுள்ள எல்லா வளைவுகளையும் சொல்வதில்லை. எந்தப் பக்கம் திரும்புவது என்று மட்டும் காட்டுகிறது. அதுவே போதும். ஆனால் யாரேனும் அப்பலகையைத் திருப்பி வைத்துவிட்டால்? சிங்கப்பெருமாள்கோயிலில் போய் நிற்பீர்கள்!

கணிப்பொறிகள் தமக்குள் செய்தி அனுப்பத் தொடங்கியபோது எழுந்த சிக்கலும் இத்தகையதே.

1974-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் எஸ்.என்.ஏ. என்னும் வலையமைப்பு முறையை அறிவித்தது. தொடக்கத்தில் அது ஒரு மரத்தை ஒத்திருந்தது. பெருங்கணிப்பொறி அடிமரம், தொலைவிலிருந்த முனையங்கள் இலைகள். இலைக்கும் அடிமரத்துக்கும் இடையே ஒரே வழிதான். பின்னர்ப் பல பெருங்கணிப்பொறிகள் ஒரே வலையில் இணைந்தன. 1979-இல் இரு கணுக்களுக்கு இடையே பல வழிகளை வகுக்கவும் இடம் ஏற்பட்டது.

வழியை வகுப்பது எப்படி? ஒவ்வொரு கணுவிலும் ஓர் அட்டவணை இருக்கும். ‘இன்ன இடத்துக்குரிய செய்தியை அடுத்து இன்ன கணுவிடம் கொடு’ என்பதே அதன் ஒவ்வொரு வரியும். சென்னையிலிருந்து ஹைதராபாத் வழியாகத் தில்லிக்கு ஒரு வழி என்று கொள்வோம். ‘தில்லிக்கு உரியதை ஹைதராபாத்திடம் கொடு’ என்பது சென்னை அட்டவணை. ‘தில்லிக்கு உரியதைத் தில்லியிடமே கொடு’ என்பது ஹைதராபாத் அட்டவணை. திரும்பும் வழியும் அதே கணுக்கள் வழியாக அமைய வேண்டும். ஹைதராபாத்தில் அந்த ஒரு வரி விடுபட்டால் கம்பியும் கருவியும் நன்றாக இருந்தும் செய்தி போகாது.

இவ்வட்டவணைகளை எழுதியவர்கள் மனிதர்களே. ஐந்து கணுக்கள் இருந்தால், ஒவ்வொன்றிலும் மற்ற நான்குக்கு ஒவ்வொரு வரி. ஆக 20 வரிகள். ஐம்பது கணுக்களானால் 2,450 வரிகள்! மாற்று வழிகளையும் சேர்த்தால் இது பன்மடங்காகும்.

நம் நாட்டிலும் இம்முறை வந்தது. 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அதன் கணிப்பொறிகளைப் பேணும் பொறுப்பை அன்று அரசு நிறுவனமாக இருந்த சி.எம்.சி. ஏற்றது. அந்நிறுவனம் 1980-களில் பெருநகரங்களின் கணிப்பொறிகளை இணைத்து அமைத்த ‘இண்டோநெட்’, எஸ்.என்.ஏ. முறையைத் தழுவியதே.

இதற்கு நேர்மாறான முறை ஒன்றும் இருந்தது. 1969-இல் அமெரிக்காவில் நான்கு கணுக்களுடன் தொடங்கிய ஆர்ப்பாநெட்டில், கணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறித் தாமே வழியைக் கண்டுகொண்டன. கம்பி அறுந்தால் மாற்று வழியையும் தாமே தேடின. எஸ்.என்.ஏ.யிலோ வழி அறுந்தால் உரையாடலும் அறுந்துபோகும். முன்பே எழுதிவைத்த வேறொரு வழியில் அதை மீண்டும் தொடங்க வேண்டும்.

அப்படியானால் தானே வழி தேடுவதுதான் சிறந்ததா? அவசரப்பட வேண்டாம்! 1980 அக்டோபர் 27 அன்று, ஆர்ப்பாநெட்டின் ஒரு கணுவில் ஏற்பட்ட பழுதால் ஒரு நிலை அறிவிப்பு சிதைந்தது. ஒரே அறிவிப்பின் மூன்று வடிவங்கள், ஒன்றைவிட மற்றொன்று புதியது போலத் தோன்றி, வலை முழுதும் சுற்றிச் சுற்றி வந்தன. பல மணி நேரம் வலையே முடங்கிற்று. எழுதிவைத்த அட்டவணையில் ஒரு பிழை ஒரு வழியைக் கெடுக்கும். தாமே பேசிக்கொள்ளும் கணுக்களிடையே ஒரு பிழை ஊர் முழுதும் பரவும்.

ஒரு தாளில் ஐந்து புள்ளிகளை இட்டு, சில கோடுகளால் இணைத்து, இருபது வரிகளையும் நீங்களே எழுதிப் பாருங்கள். பிறகு ஒரு கோட்டை அழித்துவிட்டு, எத்தனை வரிகளைத் திருத்த வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். அன்று அட்டவணை எழுதியவர்களின் பொறுப்பு எத்தகையது என்பது அப்போது விளங்கும்.