டைட்டு, மாபோக், தோடி

ஞாயிற்றுக்கிழமை காலை. பினாங்கு லிட்டில் இந்தியாவை ஒட்டி ஒரு கோப்பிக் கடை. அடுத்த மேசையில் மூன்று பேர், முந்தின ராத்திரி கல்யாண விருந்தில் தங்கள் கூட்டாளி அடித்த கூத்தை அலசிக்கொண்டிருந்தார்கள்.

"எட்டு மணிக்கே ஹை ஆயிட்டான்."

"ஹையா? ஃபுல் டைட்டு லா அவன்!"

"மாபோக் ஆகி மண்டபத் தூணைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு, 'நான் ஸ்டெடி, நான் ஸ்டெடி'ங்கிறான்."

ஒருத்தனுடைய ஒரு ராத்திரிக்கு ஐந்து சொல். நான்கு ஆங்கிலம், ஒன்று மலாய். தமிழ் செய்ததெல்லாம் அவற்றுக்கு விகுதி ஒட்டிக் கொடுத்ததுதான்.

இவற்றில் எனக்குப் பிடித்தது டைட்டு. குடித்தவனை 'டைட்' என்பது ஆங்கிலத்தில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வந்த பேச்சு. இன்று லண்டன் இளைஞனிடம் சொன்னால் தாத்தா காலத்துச் சொல் என்று சிரிப்பான். நம்மிடம் அதற்கு வயசே ஆகவில்லை. சென்னையில் டாஸ்மாக் வாசலிலும், பட்டர்வொர்த்தில் ஃபிளாட் மாடிப்படியிலும் திடகாத்திரமாக நடமாடுகிறது, சொல்கிறவன் தள்ளாடினாலும்.

'ஃபுல்' கதை வேறு. ஸ்காட்லாந்துக்காரர்கள் குடித்தவனை 'ஃபூ' என்பார்கள். 'ஃபுல்' என்பதன் அவ்வூர் உச்சரிப்பு அது. 18-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அதைத் தாராளமாகப் புழங்கியிருக்கிறார். மலாயாத் தோட்டத் துரைமார்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய. ஆகவே துரை வாயிலிருந்து தொழிலாளி வாய்க்கு வந்த சொல் என்று முடிச்சுப் போட ஆசையாகத்தான் இருக்கிறது. போடக்கூடாது. குவார்ட்டர், ஆஃப், ஃபுல் என்று அளவு பேசுகிறவனுக்கு முழுப் புட்டியே போதும். ஸ்காட்லாந்து வரை போக வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொற்களுக்குப் பஞ்சமே கிடையாது. 1737-இல் பெஞ்சமின் ஃபிராங்கிளின் தம் பென்சில்வேனியா கெஜட் பத்திரிகையில் குடிகாரர் அகராதி ஒன்றை அச்சிட்டார். இருநூற்றுக்கும் மேற்பட்ட தொடர்கள் அதில் இருந்தன. அதற்குப் பிறகு வந்த சொற்களில் குடித்தவன் படாத பாடு படுகிறான்: சுத்தியலால் அடிபட்டவன், நொறுக்கப்பட்டவன், சாந்து பூசப்பட்டவன், கல்லெறிபட்டவன். நம் பேச்சில் அடிப்பவனே இவன்தான்; 'தண்ணி அடிச்சிருக்கான்' என்கிறோம். அதன் பிறகு சரக்குத்தான் ஏறும். தலைக்கு ஏறும், இறங்கும், காலையில் தெளியும். மப்பு என்பது வானத்து மேகமூட்டம். யாழ்ப்பாணத்தார் 'வெறி' என்பார்கள். சங்க காலத்தில் முருகு ஏறி ஆடிய வேலனின் சொல் அது, இன்று சாராயம் ஏறியவனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மலாய் மாபோக்குக்குக் குடிதான் வேண்டும் என்றில்லை. ஃபெர்ரியில் குமட்டினால் மாபோக் லாவுட், கடல் மயக்கம். விமானத்தில் வந்தால் மாபோக் ஊடாரா. காதலில் தலைகால் தெரியாமல் போனால் மாபோக் கெபாயாங். கெபாயாங் என்பது ஒரு மரம். அதன் கொட்டையில் சயனைடு உண்டு. பக்குவம் செய்யாமல் தின்றால் தலை சுற்றும், உயிருக்கும் ஆபத்து. காதலுக்கு உவமை தேடப் போன மலாய்க்காரர் நச்சுக் கொட்டையைப் பொறுக்கி வந்திருக்கிறார். அனுபவஸ்தர்.

ஆங்கிலத்தில் சட்டமும் டாக்டரும் பேசும் சொல் 'இன்டாக்ஸிகேட்'. கிரேக்கத்தில் 'டாக்ஸன்' என்றால் வில். வில்லுக்கு உரிய மருந்து, அதாவது அம்பு நுனியில் தடவும் நஞ்சு, 'டாக்ஸிகான்'. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது 'இன்டாக்ஸிகேட்' என்றால் நஞ்சூட்டுதல்தான். குடிமயக்கம் பிறகு சேர்ந்த பொருள். இதற்குச் சான்று தேடி கிரேக்கம் போக வேண்டாம், ஈப்போ போனால் போதும். ஒராங் அஸ்லி மக்கள் ஊதுகுழல் அம்பில் தடவும் பாலைத் தருகிற மரத்தின் பெயர் ஈப்போ. அதைக் கொண்டுதான் ஊருக்கே பெயர். தாவரவியலார் வைத்த பெயர் அன்டியாரிஸ் டாக்ஸிகேரியா. நகரத்தின் பெயரும் குடிகாரனின் பட்டமும் ஒரே அம்பு நுனியில் சந்திக்கின்றன.

நம்மவர் 'கள்' என்ற சொல்லில் நஞ்சு கிடையாது. கள், களி, களிப்பு எல்லாம் ஒரே வேர். குடித்திருப்பவனைக் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் கண்டித்த வள்ளுவரே அவனுக்குக் 'களித்தான்' என்றுதான் பெயர் கொடுத்தார். திட்டும்போதும் சொல்லில் குதூகலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தோட்டத்தில் அந்தக் களிப்புக்குச் சம்பளம் கரைந்தது. விடியலில் பாளை சீவி இறக்கும்போது தென்னங்கள் இனிப்பாகத்தான் இருக்கும். சில மணி நேரத்தில் நுரைத்துப் புளித்துவிடும். தோட்டத்திலேயே கள்ளுக்கடை, சம்பளம் கையில், வேறு போக்கிடம் இல்லை. 1941 கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. பினாங்குக்கு எதிர்க்கரையில் கெடாவில், ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை கிளம்பி, 1947-இல் பீடோங் பக்கம் கள்ளுக்கடை மறியலில் போலீசோடு மோதியது.

கள்ளை விட்டவர்கள் பலர் சம்சுவில் விழுந்தார்கள். சீனத்தில் மூன்று முறை காய்ச்சியது என்று பொருள்படும் சொல் இது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இந்த மலிவுச் சாராயத்தை எதிர்த்துப் பல வருஷம் கத்தியது. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மது குடித்து 30 பேருக்கு மேல் செத்தார்கள். மெத்தனாலின் 'மெத்' கிரேக்கத்தில் மது. நம் மதுவுக்கும், ஆங்கிலேயரின் தேன்மது 'மீட்' என்பதற்கும் உறவுக்காரன். 'இன்டாக்ஸிகேட்' அன்று தன் பழைய பொருளுக்கே திரும்பிப் போயிருந்தது.

கள்ளுக்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயர் டாடி. இந்திக்காரர் பனையைத் 'தாட்' என்பார்கள், பனங்கள்ளைத் 'தாடி' என்பார்கள். அதைத்தான் கும்பினிக்காரர்கள் டாடி ஆக்கினார்கள். ஸ்காட்லாந்துக்குப் போனதும் டாடி வேறு பானமாயிற்று: விஸ்கி, வெந்நீர், சர்க்கரை, சளிக்கு மருந்து. பனை மறந்தே போயிற்று. மலாயாவுக்கு வந்தபோது தென்னை மரத்தில் ஏறிக்கொண்டது. மலாய்க்காரருக்கு 'துவாக்' என்று சொந்தச் சொல் இருந்தும், தமிழன் குடிப்பதற்கு ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஆங்கிலச் சொல்லின் முதல் 'ட' மலாய் நாக்கில் 'த' ஆகிவிடும். டாடி அவர்களிடம் தோடி ஆகிவிட்டது, சுரம் பிசகாத தோடி ராகம் மாதிரியே.

செபராங் பிறையில் கள் குடித்து வந்த தமிழன் எவனும் தோடி குடித்தேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கோயில் திருவிழாவில் நாயனக்காரர் தோடி வாசிக்கிறார் என்று ஒரு மலாய் நண்பரிடம் சொல்லிப் பார்த்தேன். குடித்துவிட்டா வாசிக்கிறார் என்று கேட்டார்.