வலையருகே ஒரு பாடம்

சில காலத்துக்கு முன்பு பதுளையில், ஒரு பாடசாலையின் மண்டபத்தில், மாணவர்களுக்கு ஆசிரியர் ஒருவர் பூப்பந்தாட்டம் பழக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலானோர் தோட்டத்துப் பிள்ளைகள். "அடிக்காதே பிள்ளை, வைச்சு விடு" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சிறு வாக்கியம் பழைய கதைகள் பலவற்றை நினைவூட்டியது.

தமிழக நண்பர்களுக்கு ஒரு விளக்கம். இலங்கையில் நாம் பூப்பந்தாட்டம் என்பது அங்கே இறகுப்பந்து. அங்கு பூப்பந்து என்றால் கம்பளிப் பந்தால் ஆடுவது. தஞ்சை அரச குடும்பத்தினர் அதை 1856 அளவிலேயே ஆடியதாகக் கூறுவர். இறகுப்பந்துக்கு 1870களில் பூனாவிலிருந்த பிரித்தானியப் படை அதிகாரிகள் விதிகள் வகுத்தனர். பெயரைத் தந்தது இங்கிலாந்தின் பட்மின்டன் மாளிகை.

ஊவாவின் மலைகளில் கோப்பி அழிந்து தேயிலை எழுந்தது. 1924இல் ரயில் பதுளையை எட்டியது. துரைமாருக்குக் கிளப்புகள் இருந்தன. லயத்துப் பிள்ளைகளுக்கோ பிரட்டுக்களமே மைதானம். 1940களில் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பொதுக் கல்வி அமைப்புக்கு வெளியிலேயே நின்றன. 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிவைத்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதி முதல், அப்பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாக இருந்த இடத்தில் உள்ளரங்கம் எங்கிருந்து வரும்? மட்டையைக் கையில் எடுக்கவே இரண்டு தலைமுறை பிந்திவிட்டோம்.

அந்த ஆசிரியர் வலையருகு ஆட்டத்திலிருந்து தொடங்குவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. வலை நடுவில் 1.524 மீற்றர் உயரம், கம்பங்களில் 1.55. மட்டையை இறுகப் பிடிக்காமல், முன்காலை நீட்டி, பந்து தாழ்ந்து விழுமுன்னர் நாடாவின் உயரத்திலேயே சந்தித்து, மெல்லத் தள்ளிவிட வேண்டும். பந்து வலையை ஒட்டி இறங்கினால் எதிராளிக்கு அதைக் கீழிருந்து தூக்குவதன்றி வேறு வழி அரிது. தூக்கிய பந்து நமக்குரியது. அவர் முன்னே ஓடிவரத் தொடங்கினால், அதே அசைவைக் காட்டிக் கடைசிக் கணத்தில் பின்கோட்டுக்கு உயர்த்திவிடலாம். 2006 முதல் ஒவ்வொரு தவறும் எதிராளிக்கு ஒரு புள்ளி என்பதால், நாடாவை உரசும் ஆசையை அடக்கவும் பிள்ளைகள் பழக வேண்டும்.

இதற்குப் பெரிய உடற்பலம் வேண்டியதில்லை. ஓங்கி அடித்தால் விரைவில் உடையும் இறகுப்பந்து இம்முறையில் அதிக நாள் தாங்கும். கையிருப்பு குறைந்த பாடசாலைக்கு அது சிறிய காரியமல்ல. மேலும் பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறையக் குறைய, உயர்த்தி அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கும். கொழும்பில் கோட்டுக்குள் விழுவது இங்கே வெளியே போகக்கூடும். வலையருகிலோ அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

பிரகாஷ் படுகோன் பெங்களூரின் திருமண மண்டபம் ஒன்றில், கலியாணம் இல்லாத நாட்களில் பழகியவர். 1980இல் அகில இங்கிலாந்து இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவின் லியெம் சுவீ கிங்கின் வேகத்தை அவர் வென்றது வேகத்தால் அன்று, கட்டுப்பாட்டால். 15-3, 15-10. இடமும் வசதியும் குறைந்தவர்களுக்கு நுட்பமே மூலதனம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஐந்து மணிக்குப் பயிற்சி முடிந்தது. தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று பிள்ளைகள் ஓடினார்கள். ஒரு சிறுமி மட்டும் திரும்பி வந்து, "சேர், இன்னும் ஒரு பந்து" என்றாள். அவர் போட்டார். அவள் அடிக்கவில்லை, வைத்துவிட்டாள்.