செஞ்சிக் கோட்டையும் சேரி வீடும்: வீட்டின் தோற்றத்தை யார் தீர்மானிப்பது?

தளவானூர் என்றதும் பலருக்குத் தென்பெண்ணையில் தடுப்பணை கட்டிய ஊர்தான் நினைவுக்கு வரும். நாம் பேசுவது செஞ்சிப் பக்கத்துத் தளவானூர். அங்கே ஒரு குன்றைக் குடைந்து, ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் சிவனுக்குக் கோயில் எடுத்தான். சத்ருமல்லேசுவராலயம் என்று பெயர். வாயிலில் மகர தோரணம், இருபுறமும் துவாரபாலகர்கள். மன்னனின் பெருமையைச் சொல்லும் வடமொழிக் கல்வெட்டும் உண்டு, தமிழ்க் கல்வெட்டுப் பாடலும் உண்டு.

அதே வட்டாரத்து மண்டகப்பட்டில் அவனே குடைவித்த இன்னொரு கோயில் இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இதை ஆக்கினேன் என்று அங்கே கல்லில் எழுதி வைத்தான். வரலாற்று மாணவர்கள் எல்லோரும் படிக்கும் கல்வெட்டு இது. செங்கல்லும் மரமும் சுதையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுக் கட்டுவது மன்னனுக்குப் பெருமை. அந்தப் பொருள்களைத் தொட்டுத் தன் வீட்டைக் கட்டிக்கொள்ளவே அனுமதி கேட்க வேண்டியிருந்த மக்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். அவர்களுடைய வீடுகளின் கதையோடு சேர்த்துத்தான் பாரம்பரியச் சின்னங்களைச் சுற்றி வீடு கட்டும் சட்டங்களையும் நாம் படிக்க வேண்டும்.

ஏன் இப்போது? 2025 ஜூலை 11 அன்று பாரிசில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியரின் இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் 12 கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் உள்ளன. பன்னிரண்டாவது நம் செஞ்சி. இனிச் சாலை வரும், விடுதி வரும், சுற்றுலா வரும். கூடவே, கோட்டையின் அழகுக்கு ஒத்துப்போகும்படி சுற்றிலும் உள்ள வீடுகள் இருக்க வேண்டும் என்ற பேச்சும் வரும். அந்தப் பேச்சு வரும்போது நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

சாந்து பூசவும் அரசாணை

ஒரு வீடு எப்படித் தோன்ற வேண்டும் என்று மேலிருந்து ஆணையிடுவது இந்த மண்ணில் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஊர்களைப் பற்றிச் சொல்லும்போது, வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடுகின்றன. ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி, கம்மாணச்சேரி தனி. தீண்டாச்சேரி என்ற சொல்லும் அங்கே வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடியிருப்பு வரைபடம் சாதி வரைபடமாக இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கரூர்க் கோயிலில் உள்ள கொங்குச் சோழர் காலக் கல்வெட்டு இன்னும் நேரடியானது. வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு மன்னன் சில உரிமைகளை வழங்குகிறான். நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது செருப்பு அணியலாம். வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். ஊருக்கே கோயிலும் மாளிகையும் கட்டிக் கொடுத்த கைவினைஞர்கள், தம் சொந்தச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை பெற்றிருக்கிறார்கள். அவர்களுக்கே இந்த நிலை என்றால், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்ட சேரி மக்களின் வீடு எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

வெள்ளையர் காலத்திலும் சேரியின் மனை சேரிக்குச் சொந்தமாக இல்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்தோடு மட்டும் சேர்த்து நாம் நினைவுகூர்கிறோம். குடியிருப்பு மனை பற்றியும் அவர் பேசினார். குடிசை நிற்கும் இடம் மிராசுதாருடையது என்றால், கூலி கூட்டிக் கேட்டவரை அன்றைக்கே வெளியேற்ற முடியும். வீடே கைவிலங்காக இருந்தது. 80 ஆண்டுகள் கழித்து, 1971-ல்தான் தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உடைமை வழங்கும் சட்டம் வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள்.

கூரை என்பது நமக்கு வெறும் கட்டடக்கலைச் சொல் இல்லை. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியில் எரிக்கப்பட்டதும் வீடுகள்தான். ஓலைக்கூரை பார்க்க அழகு, மரபுக்கு ஒத்தது, குளிர்ச்சியானது என்று ஒரு கட்டடக்கலை நிபுணர் சொல்லலாம். அவர் சொல்வதில் பொய் இல்லை. தீப்பந்தத்தைப் பார்த்த தலைமுறை காங்கிரீட் கூரையை ஏன் கேட்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டம் எதை அளக்கிறது

இனி நடப்புச் சட்டம். தொன்மைச் சின்னங்கள் பற்றிய நடுவண் சட்டம் 1958-ல் வந்தது. 1992 ஜூன் 16 அறிவிக்கையில் 100 மீட்டர், 200 மீட்டர் என்ற எல்லைகள் வந்தன. 2010 திருத்தம் அவற்றைச் சட்டத்துக்குள்ளேயே எழுதியது. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. தடைப்பகுதியில் புதிய வீடு கட்டவே முடியாது. ஏற்கெனவே உள்ள வீட்டைப் பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம், அதுவும் அனுமதியோடு. அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றுக் கட்டலாம். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்த அளவு சிறிய குன்றுக்கும் ஒன்றுதான், பெரிய கோட்டைக்கும் ஒன்றுதான். செஞ்சியின் மதில்கள் மலைக்கு மலை ஓடுகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் எல்லையிலிருந்து 300 மீட்டர் என்பது பெரும் நிலப்பரப்பு.

சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது, தடைப்பகுதியில் பழுதுபார்க்க விண்ணப்பிப்பவர் அந்த வீட்டின் உரிமையாளராக இருக்க வேண்டும். வீடு 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அல்லது பிறகு முறையான ஒப்புதலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். பட்டா உள்ளவருக்கு இது ஒரு படிவம். புறம்போக்கில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தும் பட்டா கிடைக்காதவருக்கு இது ஒரு சுவர். ஒழுகும் கூரையை மாற்றுவதற்கு முன் தாத்தா வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு சின்னத்துக்கும் தனியாகப் பாரம்பரியத் துணைவிதிகள் எழுதப்பட வேண்டும் என்கிறது 2010 திருத்தம். கட்டடத்தின் உயரம், முகப்பு, வடிகால், சாலை, மின்கம்பம் வரை அந்த விதிகள் பேசலாம். யாரோடு கலந்து எழுத வேண்டும்? இன்டாக் என்ற அறக்கட்டளையோடு, அல்லது அரசு அறிவிக்கும் வேறு நிபுணர் அமைப்புகளோடு. அந்தப் பிரிவில் கிராம சபையின் பெயர் இல்லை. அந்த 300 மீட்டருக்குள் விடிந்து எழுபவர்களின் பெயரும் இல்லை.

கரூர்க் கல்வெட்டில் சாந்து பூச ஆணையிட்டவன் மன்னன். இன்று முகப்பின் தோற்றத்தை எழுதப்போவது ஒரு குழு. இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டோம். சாதியைக் காக்க இடப்பட்ட தடையும், சின்னத்தைக் காக்க இடப்படும் கட்டுப்பாடும் நோக்கத்தில் வேறு. ஆனால் வீட்டுக்காரரைக் கேட்காமல் வீட்டின் தோற்றம் முடிவாவது இரண்டிலும் உண்டு. அதை மாற்றுவதுதான் நம் வேலை.

மற்ற இடங்களில் நடந்தது

கர்நாடகத்தின் ஹம்பி 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். விருபாட்சர் கோயில் முன் உள்ள பழைய கடைத்தெரு மண்டபங்களில் மக்கள் வீடும் கடையும் வைத்து வாழ்ந்தார்கள். 2011 ஜூலை 29 அன்று புல்டோசர்கள் வந்தன. முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் இழந்தன. தில்லி துக்ளகாபாத் கோட்டைப் பகுதியில் 2023-ல் ஏராளமான வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் ஏழைகள்.

இடிப்பதற்குப் பதில் நல்ல வீடு கட்டிக் கொடுத்தால் போதுமா? எகிப்தின் அனுபவம் அதற்கும் பதில் சொல்கிறது. லக்சர் நகருக்கு எதிர்க்கரையில், பழங்காலக் கல்லறைகளின் மேல் வாழ்ந்த குர்னா கிராமத்து மக்களை வெளியேற்ற 1940-களில் தொல்லியல் துறை முடிவு செய்தது. புதிய ஊரை வடிவமைக்கும் பொறுப்பு ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக்கலைஞரிடம் வந்தது. அவர் ஏழைகள் மீது உண்மையான அக்கறை கொண்டவர். மண்செங்கல், வளைவுக்கூரை, முற்றம் என்று உலகமே பாராட்டும் வீடுகளை வரைந்தார். மக்கள் போக மறுத்தார்கள். அவர்களின் பிழைப்பு பழைய ஊரில் இருந்தது. ஊரும் பாதியில் நின்றது. இடம்பெயர வேண்டுமா என்ற கேள்வியை அவர்களிடம் கேட்காமலேயே திட்டம் தொடங்கியிருந்ததால் வடிவமைப்பின் அழகு உதவவில்லை.

எப்படிப்பட்ட வீடு கேட்கிறோம்

கோட்டை பக்கத்தில் கண்டபடி கட்டலாம் என்று நாம் சொல்லவில்லை. மதிலுக்கு மேல் கல் சுமந்தவர்கள் உழைக்கும் மக்கள். சின்னம் சிதைந்தால் நட்டம் நமக்கும்தான். கேட்பது நியாயமான விதி.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். ஊரில் இடம் அகலமாக இருக்கிறது. மகன் கல்யாணம் செய்தால் பக்கத்தில் ஒரு வீடு எழும்பும். சேரியில் மனைக்கு மனை சுவர் ஒட்டியிருக்கிறது. மேலே ஒரு அறை கட்டுவது ஒன்றே வழி. ஆகவே உயரக் கட்டுப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொன்னாலும், அதன் சுமை சேரியின் தலையில் கூடுதலாக விழுகிறது. மேலே கட்டக்கூடாது என்றால், நடந்து போகும் தூரத்தில் கூடுதல் மனை தர வேண்டும். ஆதிதிராவிடர் நலனுக்காக நிலம் எடுக்க 1978-ல் இயற்றிய மாநிலச் சட்டம் கையில் இருக்கிறது.

கூரைக்கு வருவோம். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி, மானியம் மூன்றரை லட்சம் ரூபாய். 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையைப் பயனாளி விருப்பப்படி போடலாம். இந்த 60 சதுர அடியைத் தெருப்பக்கம் ஓடு வேய்ந்த திண்ணையாக ஆக்கினால், கோட்டையிலிருந்து பார்ப்பவருக்கு ஓட்டுத் தெரு தெரியும். குடும்பம் காங்கிரீட் தளத்தின் கீழ் பயமில்லாமல் தூங்கும். தண்ணீர்த் தொட்டியைப் பின்பக்கம் வைக்கலாம். சுவருக்குச் சுண்ணாம்பு வண்ணம் அடிக்கலாம். மண்ணை அழுத்திச் செய்யும் செங்கல்லை இதே விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் பல ஆண்டுகளாகச் செய்கிறார்கள். அந்தக் கற்களை அறுக்கும் தொழிலை நம் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் கற்றுக் கொடுத்தால் கூலியும் ஊருக்குள்ளேயே நிற்கும்.

ஓட்டுக்கும் சுண்ணாம்புக்கும் ஆகும் கூடுதல் செலவை யார் கொடுப்பது? அந்த அழகைக் கேட்பவர் கொடுக்கட்டும். கோட்டைக்கு நுழைவுக் கட்டணம் வாங்கும் அரசு, அதன் ஒரு பகுதியை அந்தத் தெருக்களின் வீடுகளுக்கு ஒதுக்குவது நியாயம். விதி ஊர்த்தெருவுக்கும் விடுதி முதலாளிக்கும் சேரிக்கும் ஒரே மாதிரி அமல்படுத்தப்பட வேண்டும்.

செய்ய வேண்டியவை

தோழர்களே, உங்கள் ஊர்ப் பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னம் இருந்தால் முதலில் ஆவணம் திரட்டுங்கள். 1992-க்கு முந்தைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, பழைய வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை, கல்யாணத்தில் வீட்டு வாசலில் எடுத்த புகைப்படம் என எதையும் விடாதீர்கள். நகல் எடுத்து ஒரு பொது இடத்தில் வையுங்கள். அடுத்து, அந்தச் சின்னத்துக்குத் துணைவிதி எழுதப்பட்டதா, வரைவு நிலையில் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வரைவு இருந்தால் தமிழில் கேளுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அவற்றில் ஒன்றிலாவது, எங்கள் குடியிருப்பைக் கேட்காமல் துணைவிதி எழுதக்கூடாது, இருப்பவரை இருக்கும் இடத்திலேயே வைத்து வீட்டைச் சீராக்க வேண்டும், பட்டா வழங்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள்.

செஞ்சியைப் பற்றி எழுதுபவர்கள் மூன்று மலைகளைச் சொல்வார்கள்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. நான்காவதாக ஒரு சிறு குன்றும் அங்கே அரணோடு நிற்கிறது. அதன் பெயர் சக்கிலி துர்கம். தோல் தொழில் செய்த, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட நம் மக்களின் பெயரைத் தாங்கிய குன்று. அடுத்த முறை செஞ்சிக்குப் போகும்போது அதையும் பாருங்கள். பிறகு கீழே இறங்கி, குடியிருப்புகளில் நடந்து, வீட்டுக்காரர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். புது வீடு கட்டினால் எப்படி வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். துணைவிதிக்கான நம் முதல் வரைவு அந்தக் குறிப்பேட்டிலிருந்து தொடங்கட்டும்.