கத்தி ஏந்தாத இரகசியச் சபை

கதை எழுதப் புகுவோருக்கு இரகசியச் சபைகளின்மீது என்றுமே ஒரு தனி மோகம் உண்டு. அடைத்த கதவும் மறைத்த கத்தியும் இருந்தால் வாசகரைக் கட்டிப்போடலாம் என்பது அவர்கள் கணக்கு. இஸ்லாமிய வரலாற்றில் அத்தகைய சபையைத் தேடுவோரின் கால்கள் நேரே அலமூத் கோட்டையில்தான் போய் நிற்கின்றன. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே பஸரா நகரில், கத்தி ஏந்தாது எழுதுகோல் ஏந்திய ஒரு சபை இருந்தது. அதன் பக்கம் திரும்புவோர் மிகச் சிலரே.

அலமூத்தின் கதையை முதலில் பார்ப்போம். வட ஈரானின் அந்த மலைக்கோட்டையை ஹஸன் இப்னு ஸப்பாஹ் கைப்பற்றியது கி.பி. 1090இல். இஸ்மாயீலியரில் நிஸாரிப் பிரிவினரின் தலைமையிடமாக விளங்கிய அது, 1256இல் ஹுலாகுவின் மங்கோலியப் படையிடம் வீழ்ந்தது. தம் பகைவர் சிலரை அவர்கள் ஆளனுப்பிக் கொன்றது வரலாறு. ஆனால், இளைஞர்களுக்குப் போதையூட்டிப் பொய்ச் சுவனத்தில் உலவவிட்டு, அதை மீண்டும் அடையும் ஆசை காட்டிக் கொலைக்கு ஏவினர் என்பது கட்டுக்கதை. கோட்டை வீழ்ந்த பின் அந்நாட்டு வழியே சென்ற மார்க்கோ போலோவின் பயண நூலே அதனை உலகெங்கும் பரப்பியது. கோட்டையின் நூலகத்தை நேரில் ஆராய்ந்து, சில நூல்களை எடுத்துக்கொண்டு எஞ்சியவற்றை எரித்த ஜுவைனி, அவர்களின் கடும் பகைவர். அவரோ அந்தச் சுவனப் பூங்காவைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை!

எனினும் 1938இல் ஸ்லோவீனிய எழுத்தாளர் விளாதிமிர் பார்த்தோல் அக்கதையின்மீதே ‘அலமூத்’ எனும் நாவலைக் கட்டினார். பகைவர் இட்ட இழிபெயர் ஐரோப்பிய மொழிகளில் கொலையாளியைக் குறிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டது. அப்பிரிவினர் இன்றும் பல நாடுகளில் வாழ்கின்றனர். கொள்கையில் வேறுபடுவது வேறு. அவதூறு சுமத்துவது வேறு. கதைதானே என்று எழுதப்படுவது ஒரு சமுதாயத்தின் தலையில் நூற்றாண்டுகளாகச் சுமையாக ஏறிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி பஸராவுக்கு வருவோம். ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில் அங்கே ‘இக்வானுஸ் ஸஃபா’, அதாவது ‘தூய்மைச் சகோதரர்கள்’, எனும் பெயரில் அறிஞர் சிலர் மறைவாகக் கூடினர். எண்கணிதம், இசை, வானியல், தாவரம், ஆன்மா, மார்க்கம் எனப் பல துறைகளையும் அளாவி 52 ரிஸாலாக்களை எழுதினர். 15 வயதில் தொடங்கி, 30, 40, 50 என வயதுக்கேற்ப நான்கு படித்தரங்களை வகுத்தனர். அயலார் நுழையாத தனி மஜ்லிஸ்களைக் குறித்த காலங்களில் நடத்துமாறு தம்மவரைப் பணித்தனர். வியப்பு என்னவெனில், தம் பெயர்களை மறைத்த அவர்கள் நூல்களை மறைக்கவில்லை. ஏடுகளைப் படியெடுத்து விற்கும் வர்ராக்குகளின் கடைகளிலே பரவவிட்டனர்.

ஆசிரியர்கள் யார் என்ற கேள்வி பக்தாதின் அமைச்சர் இப்னு ஸஃதானுக்கும் எழுந்தது. அறிஞர் அபூ ஹய்யான் அத்தவ்ஹீதி சில பெயர்களைச் சொன்னார். ரிஸாலாக்களைத் தம் ஆசிரியர் அபூ ஸுலைமான் அஸ்ஸிஜிஸ்தானியிடம் காட்டியதையும், அவர் பல நாள் ஆராய்ந்து, தத்துவத்தையும் ஷரீஅத்தையும் இவ்வாறு பிணைக்க இயலாது என்று மறுத்ததையும் தவ்ஹீதியே எழுதிவைத்தார். அச்சபையினர் இன்னார்தாம் என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒருமனப்படவில்லை.

இச்சபையே ஒரு கதாசிரியன் என்பதுதான் சுவை. 22ஆம் ரிஸாலா ஒரு நெடுங்கதை. மனிதரின் கொடுமை தாளாத விலங்குகள், ஒரு தீவில் ஜின்களின் அரசனிடம் வழக்குரைக்கின்றன. மனித இனங்களின் சார்பில் பேசுவோரில் ஸரந்தீபிலிருந்து வந்த இந்தியர் ஒருவரும் உண்டு. ஒவ்வொருவரும் தம் இனத்தின் பெருமையைப் பேசி முடித்ததும், ஜின்களில் ஒருவர் எழுந்து அவர் சொல்லாது விட்ட குறைகளை எடுத்துரைக்கிறார்! மறுமை வாழ்வு மனிதனுக்கே உண்டு, அவர்களிடையே இறைநேசர்களும் உளர் என்ற வாதத்தாலேயே இறுதியில் மனிதர் வெல்கின்றனர். 1316இல் ஹீப்ரு மொழிக்கும், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் உருதுவுக்கும் சென்றது இக்கதை. சபையின் பெயருங்கூடக் கதையில் பிறந்ததே என்பர். நம் பஞ்சதந்திரம் ‘கலீலா வ திம்னா’வாக அரபி உடை பூண்டபோது, வலையோடு பறந்த புறாக்களின் கதை வாயிலாக வந்த பெயர் அது.

இவர்கள் எழுதியவை அனைத்தும் ஏற்கத்தக்கன என்று நாம் சொல்லவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘அல்முன்கித்’ நூலில் இந்த ரிஸாலாக்களைக் குறித்து எச்சரித்துள்ளார்கள். ஆனால் அதே இடத்தில், இரத்தம் குத்தி எடுப்பவனின் கிண்ணத்தில் இருப்பதால் தேன் தேனல்லாமல் போய்விடாது எனும் கருத்தையும் உரைத்தார்கள். பிழையை ஒதுக்குவதும் நல்லதை மறுக்காதிருப்பதுமே நடுநிலை.

கதைக்குக் கரு தேடும் நம் இளைஞர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். பலரும் மிதித்த பாதையில் பழைய அவதூறும் கூடவே வரும். அதிகம் அறியப்படாத சபையிலோ, கற்பனைக்கு இடமும் உண்டு. யாரையும் நோகடிக்காத வழியும் உண்டு. எழுதியவர் யாரென்று அறியாமலே ஏட்டை விற்கும் வர்ராக், பெயர்களைக் கேட்கும் அமைச்சர், தத்துவத்தை நேசித்தும் அந்த நூலை மறுக்கும் ஆசிரியர் என முழு நாவலுக்குரிய மாந்தர் இங்கே காத்திருக்கின்றனர். தெரிந்த உண்மையை வளைக்காமல், தெரியாத இடத்தை மட்டும் கற்பனையால் நிரப்புங்கள். மறைந்தோரும் நம் சொல்லுக்கு உரிமையுடையோரே. அவர்கள் எழுந்து வந்து மறுப்புரைக்க மாட்டார்கள் என்பதாலேயே நம் பொறுப்பு கூடுகிறது.