‘அரை இஞ்ச்’ என்பது எவ்வளவு? பெங்களூரு வீட்டுக் குழாய்களின் வரலாறு பற்றி

பெங்களூரின் நீர் வரலாறு பெரும்பாலும் அணைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1890களில் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்து ஹெசரகட்டா, 1933இல் திப்பகொண்டனஹள்ளி, 1964இல் குடிநீர் வடிகால் வாரியம், 1974இல் காவிரி முதல் கட்டம், 2024இல் ஐந்தாம் கட்டம் என்று அந்த வரிசை செல்லும். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, மூன்று படிகளில் ஏறக்குறைய ஐந்நூறு மீட்டர் உயரத்துக்குக் காவிரி ஏற்றப்படுவதை எல்லோரும் வியந்து எழுதுகிறோம். ஆனால் அந்த வரலாறு வீட்டு மீட்டரோடு நின்றுவிடுகிறது. மீட்டரிலிருந்து குளியலறைக் குழாய் வரையுள்ள கடைசி முப்பது மீட்டரைப் பற்றி நம்மிடம் எழுத்து மிகக் குறைவு. அந்த முப்பது மீட்டர் இரும்பிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியது எப்படி, அந்த மாற்றத்தை நம் சொற்கள் எப்படிப் பதிவு செய்தன (அல்லது மறைத்தன) என்பதே இப்பதிவின் பொருள்.

முதலில் இரும்பு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயில் வீட்டு வேலை செய்வது மரை வெட்டும் கலை. குழாயை அறுத்து, டை கொண்டு முனையில் மரை வெட்டி, சணலைச் சுற்றிப் பசை தடவி, ரென்ச்சால் முறுக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பும் சுழற்சியால் ஆவதால் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை வரிசையாகத்தான் பூட்ட முடியும். நடுவில் ஒரு துண்டு துருப்பிடித்தால், முன்யோசனையுள்ள தொழிலாளி அருகே ஒரு ‘யூனியன்’ வைத்திருந்தாலொழிய, அதைக் கழற்ற வழியில்லை. வெட்டித்தான் எடுக்க வேண்டும். இவ்வாறு பல ஆண்டுப் பயிற்சியைக் கேட்ட தொழில் இது. ஒடிசாவின் கேந்திராபடா மாவட்டத்திலிருந்து, குறிப்பாகப் பட்டாமுண்டாய் வட்டாரத்திலிருந்து, தலைமுறை தலைமுறையாகப் பிளம்பர்கள் இந்திய நகரங்களுக்கெல்லாம் சென்றதற்கு இந்தப் பயிற்சி உறவுமுறை வழியாகக் கைமாறியதும் ஒரு காரணம். பெங்களூரின் அடுக்ககங்களில் இன்றும் ஒடியா மொழி கேட்கிறது.

இரண்டாவது பிளாஸ்டிக். பிவிசி என்னும் பொருளை 1872இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்கன் பாவ்மன் கண்டார். அதைக் குழாயாக்கும் வேலை 1930களில் ஜெர்மனியில் நடந்தது. தென்னிந்தியாவில் அது வேர்விட்ட இடம் காவிரிக் கரையிலுள்ள மேட்டூர். 1967இல் அங்கே கெம்பிளாஸ்ட் நிறுவனம் பிவிசி உற்பத்தியைத் தொடங்கியது. பிவிசியின் எடையில் பாதிக்கும் மேல் குளோரின். அது உப்பிலிருந்து வருகிறது. மீதியான கரிமப் பகுதிக்கு மேட்டூரில் பயன்பட்டது கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயம். உப்பும் கரும்பும் சேர்ந்து குழாயாயின என்றால் மிகையில்லை. அடுத்த ஆண்டே, 1968இல், பிவிசி நீர்க்குழாய்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 4985) வெளிவந்தது. எடை குறைவு, துருவில்லை, சுமந்து செல்ல எளிது என்பதால் வயல்கள் அதை விரைந்து ஏற்றன.

ஆயினும் வீட்டுச் சுவருக்குள் நுழைய அதற்கு ஒரு தடை இருந்தது: வெந்நீர். சாதாரண பிவிசி 60 பாகை வெப்பத்துக்கு மேல் இளகத் தொடங்கும். கூடுதல் குளோரின் ஏற்றிய சிபிவிசி 80 பாகையையும் தாங்கும், 1990களின் இறுதியில் அது இந்தியச் சந்தைக்கு வந்தது, 2007இல் அதற்கெனத் தனித் தர நிர்ணயம் (ஐ.எஸ். 15778) பிறந்தது. அதே 2007இல் கர்நாடக அரசு குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்க் கருவியைக் கட்டாயமாக்கியது. மொட்டைமாடியிலிருந்து ஒவ்வொரு குளியலறைக்கும் வெந்நீர் இறங்க வேண்டியிருந்த நகரத்தில் சிபிவிசிக்கு இதைவிடச் சாதகமான சூழல் வாய்த்திருக்காது.

2007க்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. ஏழு நகராட்சிகளையும் 110 கிராமங்களையும் சேர்த்துப் பெருநகர மாநகராட்சி உருவானது அவ்வாண்டில்தான். அந்த 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டது 2024 அக்டோபரில். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகள் அங்கே வீடு கட்டியோர் எப்படி வாழ்ந்தனர்? போர்வெல்லில் தொங்கும் பிவிசி ‘காலம் பைப்’, தரைக்கடியில் சம்பு, மாடியில் ‘சின்டெக்ஸ்’ (வணிகப்பெயர் பொதுப்பெயரானதற்கு நல்ல சான்று), அங்கிருந்து இறங்கும் சிபிவிசி. ஒவ்வொரு வீடும் தனக்கென ஒரு சிறு குடிநீர் வாரியத்தை நடத்தியது. வார்ப்பிரும்புக் குழாய் அரசின் கையாக வீதிவரை வந்தது என்றால், பிளாஸ்டிக் குழாய் அரசு வராத இடத்தில் குடும்பங்கள் தாமே நீட்டிக்கொண்ட கை. 2024 கோடையில் அரசுப் போர்வெல்களில் ஏறத்தாழப் பாதி வறண்டபோது அந்தக் கையின் எல்லையும் தெரிந்தது. குழாயை மலிவாக்கலாம், நிலத்தடி நீரை அது உண்டாக்காது.

இனி மொழிக்கு வருகிறேன். தமிழின் ‘குழாய்’க்கும் கன்னடத்தின் ‘கொளாயி’க்கும் உள்ள உறவு வெளிப்படை. கன்னட ‘நல்லி’ பெங்களூர்த் தமிழில் ‘நல்லித் தண்ணி’ ஆகிவிட்டது. ஆனால் இணைப்பான்களின் பெயர்கள் (எல்போ, டீ, கப்ளிங், ரெடியூசர், யூனியன்) இரும்புக் காலத்தில் வந்தவை வந்தபடியே பிளாஸ்டிக்குக்குப் பெயர்ந்தன. பொருள் முற்றிலும் மாறியது, சொல் அசையவில்லை. இதன் விளைவு வெறும் மொழியியல் ஆர்வத்துக்குரியதன்று.

‘அரை இஞ்ச்’ குழாயை எடுத்துக்கொள்வோம். பெங்களூரின் எந்த ஹார்டுவேர் கடையிலும் இப்பெயரில் மூன்று வெவ்வேறு குழாய்கள் கிடைக்கும். இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. தொடக்ககால இரும்புக் குழாய்களில் அரை இஞ்ச் என்பது உட்துளையின் அளவு. பின்னர் உலோகம் மேம்பட்டுச் சுவர் மெலிந்தது, மரை பொருந்த வேண்டுமென்பதால் வெளிவிட்டம் மாறவில்லை, துளை மட்டும் ஏறத்தாழ 16 மி.மீ. ஆக விரிந்தது. ஐ.எஸ். 4985 பிவிசிக் குழாயின் வெளிவிட்டம் 20 மி.மீ.; மெட்ரிக் முறைக்கு மாறிய இந்தியாவின் அளவு அது. சிபிவிசியின் வெளிவிட்டம் 15.9 மி.மீ.; அமெரிக்கச் செப்புக் குழாயின் அளவு. பெங்களூரின் சாதாரண வீடுகள் அறியாத செப்புக் குழாயின் அளவு இப்படித்தான் நம் சுவர்களுக்குள் வந்து சேர்ந்தது. பிரிட்டன், இந்தியா, அமெரிக்கா என மூன்று நாட்டு வரலாறுகள், ஒரே பெயர்.

இதன் நடைமுறைப் பொருள் என்ன? சிபிவிசி ‘அரை இஞ்ச்’சின் உட்துளை சுமார் 12.5 மி.மீ. புதிய இரும்புக் குழாயோடு ஒப்பிட்டால் நீர் செல்லும் பரப்பு ஏறத்தாழ 60 விழுக்காடுதான். மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார் மட்டுமே. அந்த அளவில் துளையின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்குக்கு வரும். பழைய இரும்பை அகற்றி, பெயரை நம்பி அதே ‘அரை இஞ்ச்’ சிபிவிசி போட்ட வீட்டில் நீர் எதிர்பார்த்தபடி விழாவிட்டால், அதற்கு இந்தப் பெயரும் ஒரு காரணம். அங்கே ‘முக்கால் இஞ்ச்’ சிபிவிசியே (உட்துளை சுமார் 18 மி.மீ.) இரும்பு அரை இஞ்சுக்கு நெருங்கிய இணை. இணைப்பான் வாங்கச் செல்வோர் அளவைச் சொல்லிக் கேட்பதைவிட, அறுத்த பழைய துண்டொன்றைக் கையில் கொண்டுபோவது நல்லது என்று அனுபவமுள்ள தொழிலாளர்கள் கூறுவதன் பின்னணி இதுதான்.

தொழிலறிவும் இடம் மாறியது. மரை இணைப்பில் பிழை இருந்தால் அன்றே சொட்டும். ‘சொல்யூஷன்’ இணைப்பு அப்படியன்று. அது வெறும் பசையில்லை. இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்குவது. பிவிசிக்குரியதைச் சிபிவிசிக்குத் தடவினாலோ, குழாய் முழு ஆழம் இறங்காவிட்டாலோ, உலருமுன் அசைத்தாலோ, பிழை டைல்ஸுக்குப் பின்னால் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். எனவே ‘பிளாஸ்டிக் வந்ததால் திறன் தேவையற்றதாகிவிட்டது’ என்னும் பரவலான கூற்று பாதியளவே உண்மை. கைவலிமை குறைந்தது, பொறுமையும் நேரக் கணக்கும் கூடின. குழாயைச் செருகும்போது கால் சுற்று திருப்பிச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது விதி. மரை மறைந்த இடத்திலும் கையின் சுழற்சி எஞ்சியிருக்கிறது. நீர்க்குழாயின் வாய்ப்பகுதியில் மட்டும் பித்தளை மரை பதித்த இணைப்பானாக, பிரிட்டிஷ் மரை அளவோடு, இரும்புக் காலம் இன்னும் தொடர்கிறது.

பிளாஸ்டிக்கின் நலவாழ்வுக் கணக்கும் இதில் சேரும். பிவிசியை நிலைப்படுத்த ஈயச் சேர்மங்கள் நெடுங்காலம் பயன்பட்டன; அவற்றை விலக்குவதற்கான மைய அரசின் விதிகள் 2021இல்தான் வந்தன. அதற்கு முன் பதித்த குழாய்கள் இன்னும் சுவர்களுக்குள் இருக்கின்றன.

வரலாறு, மொழியியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய பிளம்பிங் மதிப்பீட்டுத் தாள், ஹார்டுவேர் கடை ரசீது, விலைப்பட்டியல் ஏதேனும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். ஆண்டைக் குறித்துப் படமெடுத்து வையுங்கள். இரும்பில் தொழில் கற்ற மூத்த பிளம்பர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். தமிழிலும் கன்னடத்திலும் ஒடியாவிலும் அவர்கள் பயன்படுத்தும் சொற்களை, பொருளோடும் அளவோடும் பதிவு செய்ய இதுவே காலம். அணைகளுக்கு ஆவணக் காப்பகம் உண்டு. சுவருக்குள் ஓடும் குழாய்க்கு இருக்கும் ஆவணம் பெரும்பாலும் அவர்கள் பேச்சு மட்டுமே.