ஒரு வெள்ளை வேட்டியும் 9 வாட் பல்பும்

வீட்டுல வீடியோ எடுக்கணும்னு முடிவு பண்ணின உடனே நம்மில் பலர் வாங்குற முதல் பொருள் ரிங் லைட். அது முதல்ல யாருக்காக வந்தது தெரியுமா? பல் டாக்டர்களுக்காக. 1950களில், வாய்க்குள்ள நிழல் விழாம பல்லைப் படம் எடுக்க, லென்ஸைச் சுத்தி வட்டமா வச்ச விளக்கு அது. அந்த வேலைக்குக் கச்சிதம். முகத்துக்குப் பக்கத்துல வச்சா நெத்தியும் மூக்கும் மட்டும் மின்னும், கண்ணுக்குள்ள ஒரு வெள்ளை வளையம் தெரியும், மூஞ்சி சுவத்துல ஒட்டின போஸ்டர் மாதிரி தட்டையா இருக்கும். கறுத்த முகத்துல அந்தப் பளபளப்பு இன்னும் தூக்கலாத் தெரியும். உடனே, ‘நமக்கு கேமரா செட்டாகாது’ன்னு ஃபில்டரைப் போட்டு முகத்தை வெளுப்பாக்கிடறோம். எனக்கு இதுல ரொம்ப நாளாவே கோபம் உண்டு. அதனாலதான் இன்னைக்கு வெளிச்சத்தோட வரலாறு.

நான் பேசுறது ஓமலூர்ல இருந்து. இங்கிருந்து சேலம் போய் ஏற்காடு ரோட்டைப் பிடிச்சா மாடர்ன் தியேட்டர்ஸோட வளைவு இன்னும் நிக்குது. 1930களின் நடுவில் டி.ஆர். சுந்தரம் ஆரம்பிச்ச ஸ்டூடியோ. மனுஷன் லீட்ஸ் வரைக்கும் போய்ப் படிச்சது ஜவுளித் தொழில்! முதல் படம் ‘சதி அகல்யா’ 1937ல வந்தது. அதே வருஷம்தான் மேட்டூர் அணையில நீர்மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சாங்க. ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்குன்னு சொல்ல வரல. ஆனா சுத்துப்பட்டு கிராமங்கள் மண்ணெண்ணெய் விளக்குல இருந்த காலத்துல, ஒரு முகம் திரையில தெரிய எவ்வளவு கரண்ட் தேவைப்பட்டதுன்னு யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு ஃபிலிமுக்கு உணர்திறன் ரொம்பக் கம்மி. கிலோவாட் கணக்குல விளக்கைக் கொட்டினாத்தான் உருவமே பதியும். கலர் வந்தப்போ இன்னும் கூடுதல் வெளிச்சம் கேட்டது. தமிழின் முதல் முழுநீளக் கலர் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956ல இந்த ஸ்டூடியோவுல இருந்துதான் வந்தது. வெளிச்சம்னா வாட்ஸ், வாட்ஸ்னா பணம். பெரிய முதலாளி இல்லாம ஒளியே கிடையாது.

அதே 1956ல, கல்கத்தாவுல கதை வேற மாதிரி போச்சு.

சத்யஜித் ராயோட ‘அபராஜிதோ’. ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா. ‘பதேர் பாஞ்சாலி’ ஆரம்பிக்கும்போது இருபதைத் தாண்டிய பையன், அதுக்கு முன்னாடி சினிமா கேமராவை இயக்கினதே கிடையாது. ‘அபராஜிதோ’வுல காசியில இருக்கற ஒரு முற்றம் வச்ச வீடு வேணும். திறந்தவெளியில செட் போடலாம்னு திட்டம். மழைக்குப் பயந்து கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா அதை ஸ்டூடியோவுக்குள்ள கொண்டுபோயிட்டார். மித்ராவுக்கு இதுல சம்மதமே இல்லை. முற்றத்துல மேல இருந்து இறங்குற வானத்து வெளிச்சத்துக்கு நிழலே இருக்காது, அதை ஸ்டூடியோ லைட்டால எப்படிக் கொண்டு வர்றதுன்னு வாதாடிப் பாத்தார். நடக்கல. கடைசியில செட்டுக்கு மேல ஒரு பெரிய வெள்ளைத் துணியை வானம் மாதிரி இழுத்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்கள் பக்கம் திருப்பாம, கீழே இருந்து அந்தத் துணி மேல அடிச்சார். துணியில பட்டுத் திரும்பின ஒளிதான் அந்த வீட்டோட பகல். படத்துக்கு 1957ல வெனிஸ்ல தங்கச் சிங்கம் விருது கிடைச்சது.

இதுல இருக்கற விஞ்ஞானம் சின்னது. நிழலோட விளிம்பு கத்தி மாதிரி வெட்டறதும், மெல்லக் கரையறதும் விளக்கோட பவரைப் பொறுத்தது இல்லை. முகத்துல இருந்து பாத்தா ஒளி வர்ற இடம் எவ்வளவு பெருசாத் தெரியுதுங்கறதுதான் விஷயம். பல்பு ஒரு புள்ளி. அதே பல்பு துணியில பட்டா துணி முழுக்க விளக்கு.

இன்னொரு தகவல். சில வருஷம் கழிச்சு ஸ்வீடன்ல பெர்க்மனோட ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட், இந்த மாதிரித் திரும்பி வர்ற ஒளியைத் தன் கண்டுபிடிப்பா ஒரு அமெரிக்கப் பத்திரிகையில சொல்லியிருந்ததைப் படிச்சதா ராய் பின்னாடி குறிப்பிட்டார். நாங்க அதுக்கு முன்னாடியே செஞ்சாச்சுன்னும் சொன்னார். யார் முதல்னு சண்டை போட எனக்கு ஆர்வம் இல்லை. கல்கத்தா பத்திரிகையில வந்திருந்தா உலகம் படிச்சிருக்குமாங்கறதுதான் என் கேள்வி. அந்தக் காலத்துல கோடக் கம்பெனி லேப்புகளுக்கு அனுப்பின கலர் அளவுகோல் அட்டையிலேயே இருந்தது வெள்ளைக்காரப் பெண்தான். நம்ம நிறத்துக்கு யாரும் அளவு எடுக்கல.

தமிழ்ல அந்த அளவை எடுத்தவர்னு நான் சொல்றது பாலு மகேந்திரா. மட்டக்களப்புக்காரர், புனே திரைப்படக் கல்லூரியில படிச்சவர். ‘அழியாத கோலங்கள்’, ‘வீடு’ ரெண்டையும் பாருங்க. இருக்கற வெளிச்சத்தை நம்பி எடுத்த படங்கள். மாநிற முகம் மாநிறமாவே, அழகா இருக்கும்.

இப்போ நம்ம ரூமுக்கு வருவோம். நாலு முழ வெள்ளை வேட்டி வீட்டுல எப்படியும் இருக்கும். கொடியில விரிச்சு, உட்கார்ற இடத்துக்குப் பக்கவாட்டுல தொங்க விடுங்க. ரெண்டு 9 வாட் எல்இடி பல்பை, முகத்துக்கு நேரா இல்லாம துணியைப் பாக்க வைங்க. ஹாலஜன் வேண்டாம், சூட்டுல துணி பத்திக்கும். துணியில பட்ட ஒளி குறையும்தான். அதுக்கு இன்னொரு லைட் வாங்கறதுக்கு முன்னாடி துணியைக் கிட்ட இழுங்க. அடுத்த பக்கம் ரொம்ப இருட்டா இருந்தா ஒரு தெர்மாகோல் ஷீட், சினிமா யூனிட்லயும் அதைத்தான் பிடிக்கறாங்க. பகல்னா பல்பே வேண்டாம், வெயில் நேரா விழாத ஜன்னல் போதும். ஜன்னலையும் மஞ்சள் பல்பையும் சேர்க்காதீங்க, பாதி முகம் நீலமாகும்.

வீடியோவுல கறுப்புப் பட்டை ஓடுதா? நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். போன்ல ஷட்டரை 50ல ஒரு பங்கு இல்லைன்னா 100ல ஒரு பங்குன்னு மாத்துங்க, நின்னுடும்.