ஒரு பசுங்காயின் விலை

மரத்தை வணங்கும் மரபு நம்முடையது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். மதுரைக்குக் கடம்பு, சிதம்பரத்துக்குத் தில்லை, காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா, திருவானைக்காவுக்கு வெண்ணாவல் என்று கோயில்தோறும் தலமரம் உண்டு. அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால், மரத்தின் புனிதம் பெண்ணிடம் என்ன விலை கேட்டது என்ற கேள்வியோடு சங்கப் பாடல்களுக்குள் போனால், கிடைப்பது வேறொரு வரலாறு.

அரசர்களுக்குக் காவல் மரம் இருந்தது. கடிமரம் என்றும் அதற்குப் பெயர். அது நிற்கும்வரை அரசு நிற்கும். பகைவன் அதை வெட்டிவிட்டால் தோல்விதான். வெட்டிய மரத்தில் முரசு செய்து முழக்குவார்கள்.

குறுந்தொகையின் 292ஆம் பாடலில் பரணர் ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்கிறார். நீராடப் போனவள், ஆற்றுநீர் அடித்துவந்த பசுங்காய் ஒன்றைத் தின்றுவிட்டாள். அது நன்னனின் காவல் மரமான மாவின் காய் என்பது உரைகாரர் விளக்கம். தண்டமாக 81 யானைகளையும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையையும் கொடுக்க முன்வந்தும் நன்னன் ஏற்கவில்லை. அவளைக் கொன்றான். பரணர் அதற்கு இட்ட பெயர் ‘பெண்கொலை’. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள அந்தச் சொல்லை வகுப்பில் உச்சரிக்கும்போதெல்லாம், அன்றைய நாளிதழின் ஏதோ ஒரு செய்தி என் நினைவுக்கு வந்துவிடுகிறது. அவள் பெயரைப் பாடல் சொல்லவில்லை. கொன்றவன் பெயர் இருக்கிறது. பின்னர் கோசர் நன்னனின் மாமரத்தை வெட்டி வீழ்த்தியதைக் குறுந்தொகை 73 குறிப்பிடுகிறது. மரத்துக்காகப் பெண் போனாள். பிறகு மரமும் போயிற்று.

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பதிகம் இன்னொரு காட்சியைத் தருகிறது. செங்குட்டுவன் பழையனின் காவல் வேம்பை வெட்டுகிறான். அதை இழுத்துச்செல்ல யானைகளைப் பூட்டிய கயிறு, அணிகளைந்த பெண்களின் கூந்தலால் திரித்தது. மரத்தில் அரசனின் மானம் இருந்தது என்றால், அந்த மானத்தை இழுக்கும் கயிறு பெண்ணுடலிலிருந்து வந்தது.

இவற்றுக்கு எதிரே நற்றிணை 172ஐ வைத்துப் பார்க்கிறேன். சிறுமிகள் விளையாட்டாய் மணலில் அழுத்திய புன்னை விதை முளைத்துவிடுகிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். உங்களைவிடச் சிறந்த உடன்பிறந்தவள் இது என்கிறாள் அன்னை. அதனால் அதன் நிழலில் காதலனோடு சிரித்துப்பேச நாணம் வருகிறது. இந்த மரத்துக்கு வேலியில்லை, காவலன் இல்லை, தண்டனை இல்லை. பால் ஊற்றி வளர்த்ததில் வந்த உறவு மட்டுமே இருக்கிறது. இதுவும் புனிதம்தான். பெண்கள் உண்டாக்கிய புனிதம்.

நம் வழிபாட்டில் இந்த இரண்டும் கலந்தே வந்திருக்கின்றன. அரசும் வேம்பும் பிணைந்து நிற்கும் மேடையை விடியலில் சுற்றுவதும், பிள்ளை வேண்டிக் கிளையில் தொட்டில் கட்டுவதும் பெரும்பாலும் பெண்களே. ஆனால், அந்த நம்பிக்கைமீது ஊர் ஒட்டிய பழமொழி, ‘அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்’ என்ற கேலி. பிள்ளையில்லாக் குறையைப் பெண்மேல் சுமத்தி மரத்தடிக்கு அனுப்பியவர்களே அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள்.

கொல்லப்பட்ட அந்தச் சிறுமியை ஊர் மறக்கவில்லை. ஆனைமலை மாசாணியம்மன் அவளே என்கிறது கோயில் கதை. மல்லாந்து கிடக்கும் கோலத்தில் இருக்கும் அந்தத் தெய்வத்திடம் முறையிட வருகிறவர்கள் நீதிக் கல்லில் மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள். திருட்டு, ஏமாற்று, வஞ்சனை என்று காவல் நிலையத்தில் எடுபடாத வழக்குகள் அங்கே போகின்றன. நன்னனின் மரத்துக்கு இன்று கோயில் இல்லை. காய் தின்றவளுக்கு இருக்கிறது. பொன் பாவையால் வாங்க முடியாத நீதியை, மிளகாய் அரைக்கும் கைகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.